நுன்ஸியாவுக்குப் பிறகு வீத்தோ

நுன்ஸியா தினமும் மாதாவிடம் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்திருந்தால் ஊர் அவளைச் சும்மா விட்டிருக்காது. என் மகனை எனக்கு ஒரு நாள் முன்னால் கூப்பிட்டுக்கொள், மறுநாள் நான் வந்துவிடுகிறேன் என்பதுதான் அந்த வேண்டுதல். அவனைக் குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு, ஒழுங்காக அடக்கம் செய்ய ஒரு நாள் வேண்டும். அதற்குமேல் ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை முதலில் சாகட்டும் என்று வேண்டுகிற தாயும் உண்டா என்று கேட்காதீர்கள். வீத்தோ மாதிரிப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். முதலில் இல்லை என்பார்கள், அப்புறம் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

வீத்தோவுக்கு நாற்பத்தைந்து வயது. டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர்கள் சொல்கிற பெயரை நுன்ஸியா ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அவன் அப்படித்தான்" என்பாள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அவன் பிறந்தபோது மருத்துவச்சி பிள்ளையைத் தாயிடம் காட்டாமல் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாளாம். மாமியார்க்காரி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, இது ரொம்ப நாள் தங்காது, மனசை வைக்காதே என்று புத்தி சொன்னாள். அந்த மாமியார் போய்ச் சேர்ந்த அன்று பெட்டிக்கு முன்னால் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு விறைப்பாக நடந்தவன் வீத்தோதான். நுன்ஸியாவுக்கு அன்றைக்குத் துக்கத்தோடு கொஞ்சம் திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் புகையிலைக் கொட்டகையில் இலை கோத்தவள். கணவன் ஒரொன்ஸோ கொத்தனார். ஊர் ஓரத்துக் குழியில் வெட்டிய மஞ்சள் கல்லைச் சுமந்து வந்து, ஞாயிறு ஞாயிறாக மூன்று அறை வீடு ஒன்றைக் கட்டி முடித்தான். மூத்தவள் லொரெதானா படித்து, வேலை கிடைத்து, வடக்கே தூரினோவுக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். ஒரொன்ஸோ நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மிஞ்சியது அம்மாவும் மகனும். காலையில் அவனுக்குச் சவரம் செய்துவிடுவாள். பகலில் அவன் மேஜை போடுவான், அவள் பரிமாறுவாள். சாயங்காலம் அவன் ரேடியோவில் லெச்சே கால்பந்து அணியின் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே பதினோரு பேரையும் பெயர் சொல்லித் திட்டுவான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாழ்க்கை, அது போதுமானதாகவும் இருந்தது.

அந்த வாழ்க்கைக்கு அவள் போட்டு வைத்த சட்டங்கள் இருந்தன. அடுப்பைத் தொடக் கூடாது. தெருவைத் தனியாகக் கடக்கக் கூடாது. அம்மா சொல்லாமல் யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. வீத்தோ ஒரு சொல் கேட்டால் கேட்டதுதான், அதிலிருந்து தவறவே மாட்டான்.

பிப்ரவரியில் ஒரு காலை, கழுவிவிட்ட சமையலறைத் தரையில் நுன்ஸியா வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வீத்தோ ஓடி வந்தான். தலையணை கொண்டு வந்தான், கம்பளி போர்த்தினான், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். செய்யத் தெரிந்ததையெல்லாம் அருமையாகச் செய்தான். அடுத்த வீட்டு சந்தீனா வந்து கதவைத் தட்டினாள். சந்தீனா நாற்பது வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறவள்.

"அம்மா தூங்குறா. திறக்கக் கூடாது" என்றான் வீத்தோ உள்ளிருந்தே.

அவன் குரலில் இருந்த பெருமை நுன்ஸியாவுக்குக் கேட்டது. திறடா என்று சொல்ல வாயைத் திறந்தாள், வலியில் காற்றுதான் வந்தது. சந்தீனாவின் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. இருட்டிய பிறகும் அந்த வீட்டில் விளக்கு எரியாததைப் பார்த்து சந்தீனா தன் மகனை அனுப்பி ஜன்னலை உடைக்கச் சொன்னாள். அதுவரைக்கும் வீத்தோ அம்மாவின் கையை விடவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை.

வீத்தோவைச் சந்தீனா பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஆணி வைத்துக் கட்டிப் படுத்திருந்த நாட்களில் அவளுக்கு வலியைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, அம்மா தூங்குகிறாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, பசித்தால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, எத்தனை நாள் இருந்திருப்பான்? மாதா அவளுடைய ஒரு நாள் கணக்கைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்று அந்தக் கட்டிலில்தான் அவளுக்கு விளங்கியது. தனக்குப் பிறகும் வீத்தோ இருப்பான். எங்கே இருப்பான் என்பதுதான் கேள்வி.

லொரெதானா தூரினோவிலிருந்து புருஷனோடு வந்தாள். நல்ல பெண். அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, தம்பி எங்களோடு இருக்கட்டும் என்றாள். மாப்பிள்ளை கூரையில் ஏதோ விரிசல் இருப்பதுபோல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடி வீடு, இருவருக்கும் வேலை, விடிந்தால் போய் இருட்டினால் வருவார்கள். வீத்தோ சோபாவில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"தம்பியைச் சுமக்கட்டும்னு உன்னைப் பெக்கலைடி. நீ வந்து போயிக்கிட்டு இரு, அது போதும்" என்றாள் நுன்ஸியா. லொரெதானா அழுதாள். அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது, தாய்க்கு அது தெரிந்தது, அதற்காக மகள் மேல் அவளுக்குக் கோபம் வரவும் இல்லை.

அப்புறம்தான் ஒர்னெல்லா வந்தாள். நகராட்சியிலிருந்து இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்துக்கொள்கிற பெண். சிகரெட்டில் தடித்த குரல், எப்போதும் அவசரம், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. ஊன்றுகோலோடு நுன்ஸியாவைத் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வழியாகக் காட்டினாள். வீட்டோடு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நுன்ஸியாவின் ஆசை. ருமேனியாவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் வந்து, தங்கள் வீட்டுக் கிழவிகளை விட்டுவிட்டு இங்குள்ள கிழவிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் தெருவுக்கு இருவராவது இருந்தார்கள்.

"நீங்க இருக்கிற வரைக்கும் சரி அத்தை. உங்களுக்கு அப்புறம் கதவைச் சாத்தினா உள்ளே அந்தப் பொண்ணு, அவன், ரெண்டு பேருதான். அவ நல்லவளா இருந்தா அதிர்ஷ்டம். இல்லேன்னா யாருக்குத் தெரியும்? வீத்தோ சொல்ல மாட்டானே" என்றாள் ஒர்னெல்லா.

சொல்ல மாட்டான். கதவையும் திறக்க மாட்டான். வீட்டோடு ஆள் என்ற ஆசையை நுன்ஸியா அத்தோடு விட்டாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதிக்கும் போனார்கள். பழுது சொல்ல முடியாத இடம். தரையில் முகம் பார்க்கலாம், சோறு சூடாக வந்தது, யாரும் யாரையும் அதட்டவில்லை. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரையும் படுக்க வைத்தார்கள். நீளமான நடையில் ஒருவர் வந்து நுன்ஸியாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவா?" என்று கேட்டார். அவருக்கே எழுபது வயதிருக்கும். ஒர்னெல்லா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். 

கடைசியாகப் பார்த்தது லெச்சே நகரத்தில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு. கீழே சாவி செய்கிற கடை, மேலே மூன்றாவது மாடியில் வீத்தோ மாதிரித் துணை வேண்டியவர்கள் நான்கு பேருக்கான குடித்தனம், ஓர் அறை அப்போது காலி. ஆளுக்கு ஓர் அறை, இரவும் பகலும் ஒரு உதவியாளர். சமையல், கழுவல், கடைக்குப் போவது எல்லாம் முறை வைத்து அவர்களே செய்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஜிஸெல்லா என்ற பெண்தான் யார் முறை என்று அதிகாரம் பண்ணினாள். உதவியாளன் தமியானோவுக்குத் தாடியும் ஒரு காதில் கடுக்கனும் இருந்தன. கடுக்கன் போட்டவனிடமா என் பிள்ளை என்று நுன்ஸியாவுக்கு நெருடியது. வீத்தோ அந்தக் கடுக்கனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலிக்குமா என்று கேட்டான். தமியானோ, குத்தினப்ப அம்மான்னு கத்தினேன் என்றான். வீத்தோ சிரித்துச் சிரித்து இருமினான்.

முதலில் சனி ஞாயிறு மட்டும் போய்ப் பழகினான். பிறகு ஒரு மாதம் தங்கிப் பார்க்க வேண்டும், மாதம் முடிந்ததும் வீட்டார் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அந்த அறை காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும், இன்னொரு அறை எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரங்களில் போன் வேண்டாம், அவன் குழம்புவான் என்று தமியானோ கேட்டுக்கொண்டான். குழம்பப்போவது யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

அந்த மாதத்தை நுன்ஸியா எப்படிக் கழித்தாள் என்று கேளுங்கள். காலையில் சவரக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிவிட்டு யாருக்கு என்று நிற்பாள். மேஜை போட ஆள் இல்லை, அதனால் மேஜையில் சாப்பிடுவதையே விட்டாள். ஆட்ட நேரத்தில் ரேடியோவைப் போட்டு வைப்பாள், திட்டுவதற்கு யாரும் இல்லாமல் அது பாட்டுக்குக் கத்தும். பதினோரு பேரில் ஒருவன் பெயரும் அவளுக்குத் தெரியாது. அவனுடைய அலமாரியைத் திறந்து, துவைத்த சட்டைகளை மறுபடியும் துவைத்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள் தனியாக இருந்தால் தேவலை என்று அவளும் சலித்துக்கொண்டதுண்டு. இப்போது அவளுக்கு அவன் வேண்டும். அவன் குறட்டை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற தொந்தரவு, கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அடிக்கிற சோப்பு வாசனை, எல்லாம் வேண்டும்.

ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று ரொட்டியும் பாலாடைக் கட்டியுமாக ஓட்டினாள். ஜன்னல் கதவுகளைப் பாதிதான் திறந்தாள். இதெல்லாம் அந்த ஊரில் எதற்கு அடையாளம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் ஜன்னலைப் பாதி சாத்தி வைப்பார்கள், அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சமைத்து எடுத்து வந்து, துக்கக்காரர்களை உட்கார வைத்துச் சாப்பிடச் செய்வார்கள். முதலில் கோழிச் சாறு, அதற்குப் பிறகுதான் மற்றது.

ஒரு ஞாயிறு, தெருவெல்லாம் தக்காளிக் குழம்பு மணக்கிற நேரத்தில், சந்தீனா கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு மூடிய பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். பாத்திரத்தை மேஜையில் வைத்து, நுன்ஸியாவைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருடி? லொரெதானா வீட்டுப் பக்கமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரும் சாகலை" என்றாள் நுன்ஸியா.

சந்தீனா பாதி மூடிய ஜன்னலையும், ஆறிக் கிடந்த அடுப்பையும், கறுப்பு உடுப்பில் இருந்த நுன்ஸியாவையும் பார்த்தாள். ஒரொன்ஸோ போனதிலிருந்தே அவள் கறுப்புதான் என்பது வேறு விஷயம்.  துக்கத்துக்கு என்று கொண்டு வந்த சாற்றைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, கொட்டவும் கூடாது. எனவே இருவரும் உட்கார்ந்து அதைக் குடித்தார்கள். பையனைக் கூட்டி வந்துவிடு, உனக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சந்தீனா. ரொட்டிக் கடையில் அவள், பெற்றவளே பிள்ளையைத் தள்ளிவிட்டாள் என்று பேசியதெல்லாம் நுன்ஸியாவின் காதுக்கு வந்துதான் இருந்தது. இருந்தாலும் இது மனதார வந்த பேச்சு.

"நீ எனக்கு ரெண்டு வயசு மூத்தவடி" என்றாள் நுன்ஸியா. இருவரும் சிரித்தார்கள்.

சந்தீனா போனதும் சிரிப்பும் போய்விட்டது. காலிப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. யாருக்கான துக்கச் சாறு அது? உயிரோடு இருக்கிற மகனுக்காக அல்லவா அவள் குடித்திருக்கிறாள். இதைவிடப் பெரிய அபசகுனம் இருக்க முடியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதம் முடிகிறது. சரியா வேண்டாமா என்ற கேள்வியே வேண்டாம், போய்க் கூட்டி வந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். தனக்குப் பிறகு என்பதைத் தனக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அந்த ஞாயிறு பகலில், காலிப் பெட்டியோடு பஸ் ஏறி லெச்சேவுக்குப் போனாள். கீழே மணியை அழுத்தினாள்.

"யாரு?" என்றது சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் வீத்தோவின் குரல்.

"அம்மா."

கதவு திறந்தது. மேலிருந்தபடி அவனே பொத்தானை அழுத்தித் திறந்தான். அவள் மேலே வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதே சோப்பு வாசனை இல்லை, வேறு சோப்பு. தாடையில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது, தானே சவரம் செய்திருக்கிறான். அழுதியா என்று கேட்டாள். முதலில் தினம் அழுதேன், இப்போது ராத்திரி மட்டும் கொஞ்சம் என்று கணக்குச் சொன்னான். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். எட்டிப் பார்த்தவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வீத்தோ நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். தமியானோ கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான், உதவிக்குப் போகவில்லை. நீலச் சுடர் வந்தது, காப்பி பொங்கியது, வீத்தோ சுடரை அணைத்து, அணைந்ததா என்று குனிந்து இரண்டு தரம் பார்த்தான். மகன் கையால் போட்ட காப்பியை நுன்ஸியா அன்றுதான் முதல் தடவையாகக் குடித்தாள். சர்க்கரை மிக அதிகம், ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

குடித்துவிட்டுப் பெட்டியை இழுத்து வைத்தாள். வீட்டுக்கு வாடா, நீ இல்லாமல் முடியவில்லை என்ற வாக்கியம் நாக்கில் இருந்தது. அதற்குள் வீத்தோ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டான்.

"காலியா இருக்கே. உன் துணியெல்லாம் எங்கே?"

"எதுக்கு?"

"நீ இங்க இருக்க வந்திருக்கே. ஆனா இடமில்லைம்மா. நாலு பேருதான்." அவன் முகத்தில் நிஜமான கவலை வந்தது. கதவைச் சாத்திவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் இங்க வந்துட்டேன். இப்ப உன்னை யாரும்மா பாத்துப்பா?"

 நாற்பத்தைந்து வருஷமாக நுன்ஸியா மாதாவைக் குடைந்த கேள்வி அது. அதை அவளைப் பார்த்து, அவளுக்காகக் கேட்க ஓர் ஆள் இருக்கிறான் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சந்தீனா இருக்கா" என்றாள் எப்படியோ.

"சந்தீனாவுக்கு வயசாயிடுச்சு." அவன் யோசித்தான். "ஒர்னெல்லாகிட்ட நான் பேசறேன். உனக்கும் ஒரு எடம் பாப்பாங்க. முதல்ல சனி ஞாயிறு மட்டும். அப்புறம் ஒரு மாசம். பிடிக்கலேன்னா சொல்லலாம், திட்ட மாட்டாங்க. ராத்திரி அழுகை வரும். வந்தா அழு. அப்புறம் போயிடும்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, அவளைப் பற்றிய பயம், தன்னைப் பற்றியது ஒன்றும் இல்லை.

"உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கு. நீ இல்லை, அதான் பிடிக்கலை."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நுன்ஸியா பெட்டியை மூடினாள். போகும் வழியில் தமியானோவிடம் நின்று, நாளைக்கு ஒர்னெல்லாவிடம் சொல்லிவிடு, அவன் இருக்கட்டும் என்றாள். தமியானோ தலையாட்டினான். கடுக்கன் இன்னும் பிடிக்கவில்லை, ஆனாலும் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் வீத்தோ கூட வந்தான். தெருவைக் கடக்கும் இடத்தில் அவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். அதற்கு முன்பே அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். இடம் பார்த்தான், வலம் பார்த்தான், மறுபடி இடம் பார்த்தான். ஊன்றுகோல் போகிற வேகத்துக்கு நடந்தான். பஸ் வந்ததும் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு, டிரைவரிடம் போய் நின்றான்.

"இவங்க எங்க அம்மா. இடுப்புல ஆணி இருக்கு. ஊர் வந்ததும் மெதுவா இறக்கி விடுங்க. வீட்ல தனியாதான் இருக்காங்க."

டிரைவர் சரி தம்பி என்றார். வீத்தோ அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள், பஸ் கிளம்பும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வீத்தோ திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவன் முறை, ஜிஸெல்லா கத்துவாள் என்று வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.